கோல் வித்தியாசத்தைப் படியுங்கள், டான் ஸ்ரீ: கார்டிஃப் சிட்டி உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

மே 2025

டான் ஸ்ரீ வின்சென்ட் டான் அவர்களுக்கும் கார்டிஃப் சிட்டி இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம். இங்கிலாந்துக் காற்பந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் 2024-25 பருவம் முடிந்துவிட்டது. 46 ஆட்டம், 9 வெற்றி, 17 சமநிலை, 20 தோல்வி, 44 புள்ளி. 24 அணிகளில் 24ஆம் இடம். 2003இல், மேலேறும் அணியைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் இறுதியாட்டத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 1-0 என வீழ்த்தி மூன்றாம் நிலையிலிருந்து மேலேறிய கிளப், 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிலைக்கு இறங்குகிறது.

லீட்ஸ் அணியின் எல்லாண்ட் ரோடு அரங்கில் 7-0 என்று வாங்கிய அடியைப் பற்றியோ, யாரை எப்போது நீக்கியிருக்க வேண்டும் என்பதைப் பற்றியோ நாங்கள் எழுத வரவில்லை. அவையெல்லாம் கிளப் இருக்கும் வேல்ஸிலேயே போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. பட்டியலின் வலது ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு எண்ணை, அடித்த கோலுக்கும் எதிரணியிடம் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், உங்கள் முன் வைக்கிறோம். இயக்குநர் குழு அதை நான்கு ஆண்டுகளாகப் படிக்கவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

2020-21இல் 66 கோல் அடித்தோம், 49 வாங்கினோம். வித்தியாசம் +17, இடம் 8. அடுத்த பருவம் 50 அடித்து 68 வாங்கினோம்: -18, இடம் 18. 2022-23இல் 41க்கு 58: -17, இடம் 21. 2023-24இல் 53க்கு 70: மறுபடியும் -17, ஆனால் இடம் 12. இந்தப் பருவம் 48க்கு 73: -25, கடைசி இடம்.

2022-23ஐயும் 2023-24ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோல் வித்தியாசம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் 49 புள்ளி, மற்றதில் 62. முதலாவது பருவத்தில் ரெடிங் அணிக்கு 6 புள்ளி வெட்டப்பட்டிராவிட்டால் அவர்கள் 50 புள்ளியோடு தப்பியிருப்பார்கள். 2023லேயே நாம் இறங்கியிருப்போம். இரண்டாவது பருவத்தில் 19 ஆட்டங்களை வென்றோம், 22இல் தோற்றோம், சமநிலை ஐந்தே ஐந்து. வென்றபோது குறுகிய வித்தியாசத்தில் வென்று, தோற்றபோது நன்றாகத் தோற்ற அணி அது. 12ஆம் இடம் என்றதும் முன்னேற்றம் என்று எழுதப்பட்டது. அணி முன்னேறவில்லை, நூலிழை ஆட்டங்கள் பல நம் பக்கம் விழுந்தன, அவ்வளவுதான்.

அப்படி விழுந்ததற்குக் காரணமும் தெரிந்ததே. அப்போதைய பயிற்றுநர் எரோல் புலுட்டின் அணி கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் நிறைய அடித்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது நல்ல உழைப்பு. ஆனால் இப்படிப்பட்ட நிலைப்பந்துக் கோல்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். எதிரணிகள் காணொளி பார்த்து அருகு கம்பத்தில் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்திவிட்டால் பாதி வழி அடைபட்டுவிடும். திறந்த ஆட்டத்தில் வாய்ப்பு உருவாக்கத் தெரியாத அணிக்கு அப்போது மாற்று வழி இருக்காது. இந்தப் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் அதைத்தான் பார்த்தோம்: ஒரு கோல், ஒரு புள்ளி. அந்தக் கோலும் புள்ளியும் நம் பரம எதிரியான சுவான்சியின் களத்தில் வந்தவை என்பது மட்டும் ஒரு சின்ன ஆறுதல்.

2023-24ஓடு ஒப்பிட்டால் இந்தப் பருவம் அடித்தது ஐந்து கோல் குறைவு, வாங்கியது மூன்று கோல் கூடுதல். புள்ளியோ 18 குறைவு. எனவே, "அணி திடீரென்று சரிந்தது" என்ற விளக்கத்தை ஏற்க முடியாது. நான்கு பருவமாக இதே அணிதான். இம்முறை நூலிழை ஆட்டங்கள் நம் பக்கம் விழவில்லை. சமநிலை ஐந்திலிருந்து 17 ஆனது. லூட்டன் 49 புள்ளியோடு இறங்கியது, ஹல் அதே 49 புள்ளியோடு கோல் வித்தியாசத்தில் தப்பியது. நம்முடைய 17 சமநிலைகளில் மூன்று வெற்றியாகியிருந்தால் 50 புள்ளியோடு நாம் தப்பியிருப்போம். தப்பியிருந்தால் இன்னும் ஓராண்டு இதே அணியை "12ஆம் இடத்து அணி" என்று நம்பிக்கொண்டிருப்போம்.

சரிவு தொடங்கிய இடம் 2021 கோடை. பிரீமியர் லீகில் ஒரே பருவம் ஆடி இறங்கிய கிளப்புக்கு, இறக்கத்தின் வருமான இழப்பைத் தாங்க லீக் தரும் பாராசூட் தொகை இரண்டு ஆண்டுதான். 2019இல் இறங்கிய நமக்கு அது 2021உடன் நின்றது. அதே கோடையில், கடனாக ஆடிய ஹாரி வில்சன் ஃபுல்ஹாமுக்குப் போனார். 2020-21 பருவத்தில் லீகில் 20 கோல் அடித்த கீஃபர் மோர் 2022 ஜனவரியில் போர்ன்மத்துக்கு விற்கப்பட்டார். பணம் குறையும்போது ஆட்டக்காரர்களை விற்பது தவறில்லை. விற்கும் முன்பே, அவர் அடித்த கோல்கள் இனி எந்தக் காலிலிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் தாள் இருந்ததற்கான அறிகுறி களத்தில் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. பயிற்றுநர் மிக் மெக்கார்த்திக்கு 2021 வசந்தத்தில், நல்ல ஓட்டம் ஒன்றின் நடுவே, இரண்டாண்டு ஒப்பந்தம். தொடர்ந்து எட்டுத் தோல்விக்குப் பிறகு அக்டோபரில் விலகல். 2022 கோடையில் அடுத்த பயிற்றுநர் ஸ்டீவ் மோரிசனுக்காகப் பதினைந்து புதிய ஆட்டக்காரர்களுக்கு மேல் வந்தார்கள். செப்டம்பர் 18இல் அவர் நீக்கப்பட்டார். 2024 கோடையில் புலுட்டுக்குப் புதிய இரண்டாண்டு ஒப்பந்தம்; செப்டம்பர் 22இல் அவரும் நீக்கப்பட்டார். கடைசி இரண்டு முறையும் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் சாளரம் மூடி மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. ஒருவர் கேட்டபடி ஆட்களை வாங்கிக் கொடுத்துவிட்டு, கடை சாத்தியதும் அவரையே அனுப்பினால், அடுத்தவர் ஜனவரிவரை தனக்குப் பொருந்தாத ஆட்களோடுதான் ஓட்டியாக வேண்டும். நீக்குவதென்றால் மே மாதத்தில் நீக்குங்கள். மே மாதத்தில் நம்பி ஒப்பந்தம் கொடுத்தால் ஆறு ஆட்டத்தில் அந்த நம்பிக்கை தீரக்கூடாது.

புலுட்டுக்குப் பின் வந்த ஓமர் ரிசாமீது பழியைப் போடுவது எளிது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அவர் 37 லீக் ஆட்டங்களில் 41 புள்ளி எடுத்தார்; அந்த வேகத்தில் முழுப் பருவம் ஆடியிருந்தால் 51 வரும், நூலிழையில் தப்பியிருப்போம். தவறு வேறு இடத்தில். தற்காலிகப் பொறுப்பில் செப்டம்பரில் உட்கார வைத்தவரை டிசம்பரில்தான் உறுதி செய்தீர்கள். அதுவரை அவருக்கும் தெரியாது, உடைமாற்றும் அறையில் இருந்தவர்களுக்கும் தெரியாது. பிறகு மூன்று ஆட்டம் மிச்சமிருக்கையில் அவரை நீக்கி ஆரோன் ராம்சியிடம் கொடுத்தீர்கள். ராம்சி நம் கிளப்பில் வளர்ந்த பிள்ளை, மரியாதைக்குரியவர். ஆனால் மூன்று ஆட்டத்தில் எந்தப் பயிற்றுநரும் தடுப்பு வரிசையை மாற்றி அமைக்க முடியாது. இரண்டு சமநிலை, ஒரு தோல்வி. வெஸ்ட் பிராமுடனான 0-0 ஆட்டத்தோடு கதை முடிந்தது.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம்.

பயிற்றுநரைத் தேடும் முன் காற்பந்து இயக்குநரை நியமியுங்கள். வரிசை மாறக்கூடாது. பயிற்றுநர் நீல் வார்னாக் 2019 நவம்பரில் போனதிலிருந்து ஹாரிஸ், மெக்கார்த்தி, மோரிசன், ஹட்சன், லமூஷி, புலுட், ரிசா என்று ஏழு பேர். ராம்சியைச் சேர்த்தால் எட்டு. ஒருவர் நீளப் பந்து, அடுத்தவர் கீழிருந்து கட்டும் ஆட்டம், மற்றவர் எதிர்த்தாக்குதல். ஒவ்வொருவரும் விட்டுச்சென்ற ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் தீரும்வரை சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். காற்பந்து இயக்குநரின் முதல் வேலை, கார்டிஃப் எப்படி ஆடும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்குவது. அதற்குப் பொருந்தும் பயிற்றுநரைத்தான் அவர் கொண்டுவர வேண்டும். புதிய ஆட்டக்காரர் விஷயத்தில் பயிற்றுநருக்கு மறுக்கும் உரிமை இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை தனியாக அவர் கையில் வேண்டாம். பயிற்றுநர் பதவி காலியானால் தற்காலிகக் காலம் மூன்று வாரத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு, யாரும் நீக்கப்படாத காலத்திலேயே மூன்று பெயர் கொண்ட பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

இயக்குநர் குழுவுக்கு மாதம் ஒரு பக்க அறிக்கை போதும். அதில் பட்டியல் இடம் கடைசி வரியில் வரட்டும். முதல் வரியில், பெனால்ட்டி நீங்கலாக எதிர்பார்க்கப்பட்ட கோல்களின் (வாய்ப்புகளின் தரத்தைக் கொண்டு கணக்கிடுவது) வித்தியாசம், கடைசிப் பத்து ஆட்டங்களுக்கு. அடுத்து, நிலைப்பந்தில் அடித்ததும் வாங்கியதும் தனியாக. பிறகு 75ஆம் நிமிடத்திற்குப் பிந்தைய கோல்கள். 17 சமநிலைகளின் மர்மத்தில் பாதி அங்கேதான் இருக்கும். அதற்கடுத்து, 23 வயதுக்குக் கீழானவர்கள் ஆடிய நிமிடங்கள். இந்த அறிக்கை 2024 மே மாதத்தில் உங்கள் மேசையில் இருந்திருந்தால் 12ஆம் இடத்தை யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

நாம் இறங்கும் மூன்றாம் நிலையான லீக் ஒன் வேறு வகையான ஆட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலான அணிகள் நமக்கு எதிராகப் பின்னால் கூடி நிற்கும். பந்து நம் காலில் இருக்கும். எதிர்த்தாக்குதலுக்காகக் கட்டிய அணி அங்கே தவிக்கும். பெட்டிக்குள் நின்று முடிக்கும் முன்னணி வீரர் ஒருவரல்ல, இருவர் வேண்டும். யூசெஃப் சாலெக் ஜனவரியில் வந்ததுபோல இல்லாமல் ஜூலையில் வர வேண்டும். ஓரங்களில் மேலேறும் முழுத்தற்காப்பாளர்களுக்கு (ஃபுல்பேக்) பின்னால் காலியாகும் இடத்தை ஓடிக் காக்கும் வேகம் உள்ள மையத் தற்காப்பாளர் வேண்டும். மூன்று கோல்காவலர், ஒவ்வோர் இடத்திற்கும் இரண்டு பேர், மொத்தம் 23 பேர்; மிச்சத்தை அகாடமி நிரப்பட்டும்.

நாட்காட்டியிலும் பொறி இருக்கிறது. எஃப்ஏ கிண்ணத்தை நவம்பரில் முதல் சுற்றிலிருந்தே ஆட வேண்டும். கீழ்நிலைக் கிளப்புகளுக்கான ஈஎஃப்எல் டிரோஃபியும் சேரும். அனைத்துலக இடைவேளையில் மூன்று பேர் நாட்டுக்காக அழைக்கப்பட்டால் லீக் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். வேல்ஸ் இளையர் அணிகளுக்கு ஆள் கொடுக்கும் நமக்கு இது அடிக்கடி நேரும். தள்ளிவைத்த ஆட்டங்கள் எல்லாம் மார்ச், ஏப்ரல் செவ்வாய் இரவுகளில் வந்து குவியும். தள்ளிவைப்பதா, இளையரை இறக்கி அன்றே ஆடுவதா என்ற முடிவைப் பருவம் தொடங்கும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, லீக் ஒன்னில் ஆட்டக்காரர் சம்பளம் வருமானத்தின் 60 விழுக்காட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. இறங்கி வரும் கிளப்புக்கு முதலாண்டு கொஞ்சம் தளர்வு உண்டு. ஆகவே இனி எழுதும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இறங்கினால் குறையும், ஏறினால் கூடும் சம்பளப் பிரிவு இருக்கட்டும். ஒரே ஜூன் 30இல் அணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒப்பந்தம் தீராதபடி ஆண்டுகளைப் பிரித்துப் போடுங்கள். அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் வரும் தொகை கணக்கில் ஏறத்தாழ முழு லாபமாக ஏறும். ரூபின் கோல்வில், கியான் ஆஷ்ஃபோர்ட் போன்றவர்களை வெளியிலிருந்து வரும் முப்பது வயதுக்காரருக்குப் பின்னால் உட்கார வைப்பதில் காற்பந்து நியாயமும் இல்லை, கணக்கு நியாயமும் இல்லை.

உங்கள் பங்கை மறுக்கவில்லை, டான் ஸ்ரீ. 2010 முதல் இந்தக் கிளப்பைத் தாங்கியது உங்கள் பணம். இரண்டு முறை பிரீமியர் லீகைப் பார்த்தோம். பிரான்சின் நாந்த் கிளப்புடனான ஒப்பந்தத் தொகைத் தகராறில் 2023இல் வந்த தடை, விலை கொடுத்து ஆட்டக்காரரை வாங்கவிடாமல் கையைக் கட்டியது என்பதும் உண்மை. அணியின் நீலச் சட்டையைச் சிவப்பாக்கிய விவகாரத்தில் 2015 ஜனவரியில் நீலத்திற்குத் திரும்பியபோது, இரசிகர் சொல்வதைக் கேட்டு முடிவை மாற்றக்கூடியவர் நீங்கள் என்றும் காட்டினீர்கள். அதனால்தான் கோலாலம்பூரிலிருந்து உங்களுக்கே எழுதுகிறோம்.

லீக் ஒன் ஆகஸ்ட் 2இல் தொடங்குகிறது. ஜூன் முதல் பாதிக்குள் காற்பந்து இயக்குநரின் பெயரையும், ஜூன் முடிவதற்குள் பயிற்றுநரின் பெயரையும், பயிற்சி தொடங்கும் நாளில் முன்னணி வீரர்களில் ஒருவரையாவது அறிவியுங்கள். அந்த இரண்டு பக்க ஆட்டத் திட்டத்தைச் சீசன் டிக்கெட் வாங்குவோருக்கும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கார்டிஃப் சிட்டியைப் பின்தொடரும் மலேசியத் தமிழ்க் காற்பந்து இரசிகர்கள்