நம்ம சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன பொதுக்குழுவுக்கு அப்புறம் கமிட்டி நாலு தடவை கூடுச்சு. பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்துச்சு, கண் பரிசோதனை முகாம் வச்சோம், பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு நோட்டு குடுத்தோம். லைப்ரரி கூரையை மழைக்கு முன்னாடி மாத்தியாச்சு.

மத்தபடி இந்த வருசம் என் நேரம் போனது வீட்டுக் கணக்கெடுப்புலதான். அது எதுக்கு வெட்டி வேலைன்னு சிலர் குரூப்புல கேட்டிருந்தீங்க, அதனால விவரமாவே சொல்லிடறேன்.

கேரளான்னா எல்லா லிஸ்ட்லயும் மேலதான் இருக்கும். 2011 சென்சஸ்ல எழுத்தறிவு 94 சதவீதம், 2020 கணக்குப்படி ஆயிரம் குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள தவறிப் போறது 6, நாடு முழுக்க பாத்தா 28. பெருமையான விசயந்தான். ஆனா திருவனந்தபுரத்தையும் நம்ம இருக்கற பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா கெழக்குப் பக்கத்தையும் ஒண்ணாக் கூட்டி வகுத்து வர்ற நம்பர்ல நம்ம தெரு எங்க நிக்குதுன்னு தெரியாதுங்க. அதே கேரளாலதான் 2019-21 குடும்ப நல சர்வேல 15லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 36.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, முந்தின சர்வேல 34.3 இருந்துச்சு, கூடித்தான் இருக்கு.

அதனாலதான் நானும் காலேஜ் படிக்கற ரெண்டு புள்ளைங்களும் ஞாயித்துக்கெழமையானா நோட்டை எடுத்துட்டு வீடு வீடாப் போனோம். வழக்கமா கணக்கெடுக்க வர்றவங்க குழாய் கனெக்சன் இருக்கான்னு கேட்டு டிக் போட்டுட்டுப் போயிடுவாங்க, நாங்க தண்ணி கடைசியா எப்ப வந்துச்சு எத்தனை குடம் புடிச்சீங்கன்னு கேட்டோம். மேக்கால தெருவுல ஒரு ஆத்தா, "நீயே எண்ணிக்கோ கண்ணு"ன்னு திண்ணையக் காட்டுச்சு. ஒம்பது குடம். ரெண்டு நாளைக்கு அதான், வீட்ல நாலு பேரு. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி குடுக்கற ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வச்சிருக்காங்க, நாலு பேருக்கு 220 லிட்டர், பதினஞ்சு லிட்டர் குடம்னா ஒரு நாளைக்கே பதினஞ்சு குடம் கிட்ட வேணும். ரெக்கார்டுல அந்த வீட்டுக்கு தண்ணி கெடச்சாச்சு.

அதே ஆத்தா தமிழ் பேப்பரை ஒரு வரி விடாமப் படிக்கும். எந்த மொழியா இருந்தாலும் புரிஞ்சு எழுதப் படிக்கத் தெரிஞ்சா சென்சஸ்ல எழுத்தறிவு உள்ளவங்கதான், ஆத்தாவும் அதுல சேர்த்தி. ஆனா பென்சன் பாரம் மலையாளத்துல வந்தா பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் அதைக் கையில வச்சுட்டு வாசப்படியிலயே உக்காந்திருக்குதுங்க. இதையும் நோட்டுல எழுதிருக்கோம்.

இதையெல்லாம் கிராம சபையில வச்சுப் பேசலாம்னு குரூப்புல மூணு தடவை தேதி போட்டேன். வார்டு ஓட்டர்ல பத்து சதவீதம் பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு. நம்ம சங்கத்துலருந்து வந்தது அஞ்சு பேரு. கோரம் ஆகல, தள்ளி வச்சுட்டாங்க. முட்டி வலியோட அந்த ஆத்தா வந்து முன்னாடி பெஞ்சுல உக்காந்திருந்துச்சு, அது மூஞ்சியப் பாக்கவே எனக்கு சங்கடமாப் போச்சு.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, யார் வேணா பாக்கலாம். கூரைக்கும் ஜெராக்ஸுக்கும் போக கையிருப்பு கொஞ்சந்தான். பாதிக்கு மேல சந்தா பாக்கி, சிலருது மூணு வருசமா நிக்குது. பேர் போட வேண்டாம்னு கமிட்டி சொன்னதால போடல.

அங்கன்வாடி டீச்சருக்கும், ஆஷா ஒர்க்கருக்கும், குடும்பஸ்ரீ மகளிர் குழு அம்மாக்களுக்கும், ஹால் குடுத்தவங்களுக்கும் நன்றி.

அடுத்த வருசம் அதே வீடுகளுக்கு திரும்பப் போகணுங்க, அதுவும் மார்ச் ஏப்ரல்ல, தண்ணி வத்துற நேரத்துல. ஒரு தடவை எடுத்தா இப்ப எப்படி இருக்குன்னுதான் தெரியும், ரெண்டாந்தடவை எடுத்தாத்தான் ஏதாச்சும் மாறுச்சான்னு தெரியும். ரத்தசோகை பத்தியும் கேக்கணும், அதுக்கு பொம்பளைங்க வந்தாத்தான் பேச்சே நடக்கும். புள்ளைங்க ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கணும், எனக்கும் முன்ன மாதிரி நடக்க முடியறதில்ல. தெருவுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும். நோட்டு லைப்ரரி மேசை மேல இருக்கு, சாயங்காலம் ஆறுலருந்து எட்டு வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்.

செயலாளர்