ஒரே பில் இரண்டு முறை ஏறாமலிருக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி பல யூனிட் ஏறி இறங்கித்தான் பனியனாகிறது. அந்த யூனிட்டுகள் கூலிக்குச் செய்து தரும் வேலைக்கான அத்தனை ஜாப்வொர்க் பில்லும் கம்பெனி டேட்டாபேஸில் ஏற வேண்டும். ஒரு பில் இரண்டு தடவை ஏறினால் பணமும் இரண்டு தடவை போகும். அதைத் தடுக்கும் வேலையைப் பலரும் புரோகிராமிடம் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் ஓட்டை.

"இந்தப் பில் இருக்கிறதா?" என்று செலக்ட் (தேடும் கட்டளை) போட்டுப் பார்த்து, இல்லையென்றால் இன்சர்ட் (புதிதாக ஏற்றும் கட்டளை) செய்வது வழக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேவ் அழுத்தினால் இருவருக்குமே "இல்லை" என்று வரும், இரண்டும் ஏறிவிடும். நெட் இழுக்கும்போது ஒருவரே இரண்டு முறை அழுத்தினாலும் இதே கதிதான். இரண்டு கட்டளையையும் ஒரே தொகுப்பாக, டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தாலும் சாதாரண அமைப்பில் இது தீராது. டேபிளிலேயே யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்கும் விதி, போட்டாக வேண்டும்.

எந்த ஃபீல்டுகளில் போடுவது என்பதில்தான் யோசனை தேவை. பில் நம்பருக்கு மட்டும் போட்டால், ஒரு பார்ட்டியின் (பில் தரும் யூனிட்டின்) 1-ம் நம்பர் பில் ஏறியபின் வேறு யாருடைய 1-ம் நம்பரும் ஏறாது. ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி பில் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, அவ்வளவே. ஏப்ரலில் மறுபடி 1 வரலாம். ஆகவே 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் நம்பர் மூன்றும் சேர்ந்து ஒரே யூனிக். மூன்றுக்கும் நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) கட்டாயம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்களின் சாதாரண அமைப்பில் ஒரு ஃபீல்டு 'நல்' (காலி) என்று இருந்தாலே அந்த ரெக்கார்டுகள் மோதாமல் உள்ளே போய்விடும். பதிவு இல்லாத சின்ன யூனிட்டுக்கு ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதில் பார்ட்டி கோடு வைக்கலாம். பில் நம்பரின் முன்பின் இடைவெளியை வெட்டி, ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியே ஏற்ற வேண்டும்.

பார்ட்டி பெயரை நம்பவே கூடாது. 'கௌரி'யை ஔகாரக் குறியாலும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்தும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைசேஷனும் இதை ஒன்றாக்காது.

மைஎஸ்கியூஎல்லில், பிழையைக் கண்டுகொள்ளாமல் ஏற்றச் சொல்லும் 'இன்சர்ட் இக்னோர்' போடுவதைத் தவிருங்கள். அது டூப்ளிகேட் பிழையோடு, நம்பரின் நீளம் மீறிய பிழையையும் வெறும் எச்சரிக்கையாக்கி, நம்பரை வெட்டி ஏற்றிவிடும். 'ரீப்ளேஸ்' இன்னும் ஆபத்து: பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றும், டேட்டாபேஸ் தானாகத் தரும் ஆட்டோ இன்கிரிமென்ட் ஐடியும் மாறும். போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பு முதல் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' உண்டு; டூப்ளிகேட் வந்தால் பேசாமல் விட்டுவிடும். ஊழியர் வருகைப்பதிவு போன்றவற்றுக்கு அது போதும். பில்லுக்குப் போதாது, ஏனென்றால் அதே நம்பரில் வேறு தொகை வந்தால் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். நேராக இன்சர்ட் செய்து, மைஎஸ்கியூஎல்லில் 1062, போஸ்ட்கிரெஸில் 23505 என்ற எண்ணோடு வரும் டூப்ளிகேட் பிழையைப் பிடித்து, பழைய பில்லைத் திரையில் காட்டுவதே சரி.

ஏற்கெனவே டூப்ளிகேட் இருந்தால் கட்டுப்பாடு ஏறாது. முதலில் மூன்று ஃபீல்டையும் குரூப் பை செய்து (ஒரே மாதிரியானவற்றை ஒன்றுசேர்த்து), கவுண்ட் (எண்ணிக்கை) 1-க்கு மேல் வருவதைத் தேடுங்கள். பேமென்ட் எந்த ஐடியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்தபிறகே மற்றதை நீக்குங்கள்.

இப்படிக்கு,
ஜாப்வொர்க் பில்லிங் மென்பொருள் எழுதுவோர்,
திருப்பூர்.