செயலாளரின் ஆண்டறிக்கை: போலராய்ட் கேமரா அன்பர்கள், காரைக்குடி வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அச்சில் மட்டும் படிக்கப்போகும் மற்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழு ஒரு முறையும் செயற்குழு மூன்று முறையும் கூடின. ஆயுத பூஜை வழக்கம்போல. கானாடுகாத்தான் படப்பயணம் நல்லபடியாக முடிந்தது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இந்த ஆண்டு உருப்படியான கேமரா எதுவும் சிக்கவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு நடத்திய பழுதுபார்ப்பு மேசையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயலாளர் சங்கப் பணத்தில் பொழுதைப் போக்குகிறார் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது.

மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை சிங்கப்பூர், மலேசியாப் பெட்டிகளில் வந்து இறங்கி, பிறகு இரண்டாங்கட்டு அலமாரியில் தூங்கியவை. எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் இந்தக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ‘போலராய்ட்’ என்று ஒரே பெயர். எந்த வகை என்று பார்க்காமல் ஃபிலிம் பேக் வாங்குவதில்தான் முதல் நஷ்டம். 1972இல் வந்த மடக்குக் கேமராவான எஸ்எக்ஸ்-70க்கு ஒளியுணர் வேகம் 160 உள்ள ஃபிலிம். 1981இல் வந்த 600 வகைக்கு 640. 600 பேக்கை எஸ்எக்ஸ்-70இல் போட்டால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, ஒளி கூடி முகம் வெளுத்துவிடும். போட்டே தீர வேண்டுமானால் இரண்டு ஸ்டாப் சாம்பல் ஃபில்டர் வேண்டும். அதை லென்ஸுக்கு முன்னால் மட்டும் வையுங்கள். பக்கத்திலுள்ள ஒளியளக்கும் கண்ணையும் சேர்த்து மூடினால் ஷட்டர் அதற்கேற்பக் கூடுதல் நேரம் திறந்திருக்கும், ஃபில்டர் வைத்த பயன் போய்விடும்.

புதிய கேமராக்களுக்கான ஐ-டைப் பேக் விலை குறைவு என்று இரண்டு பேர் வாங்கி வந்தார்கள். அதில் பேட்டரி கிடையாது. பழைய 600க்கும் எஸ்எக்ஸ்-70க்கும் மின்சாரம் தருவதே பேக்கின் அடியில் இருக்கும் 6 வோல்ட் தட்டை பேட்டரிதான். ஸ்பெக்ட்ரா என்ற அகலப்படக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2019ஓடு ஃபிலிம் நின்றுவிட்டது. எடுத்த பிறகு தாளை உரித்துப் படம் பார்க்கும் வகையில் ஃபியூஜியின் எஃப்பி-100சி 2016இலேயே நின்றது. அந்தக் கேமராக்களைத் துடைத்து முகப்பில் வையுங்கள், பார்வைக்கு நன்றாக இருக்கும்.

பேக்கில் இரண்டு படம் குறைகிறது என்று சங்கத்தின் மேல் ஒரு புகார் வந்தது. முன்பு ஒரு பேக்கில் 10 படம், இப்போது 8. பழைய கேமராவில் படத்தைக் கணக்கிடும் எண் 10இலிருந்துதான் இறங்கும், அது 2இல் நின்றால் பேக் காலி. அந்த இரண்டு படத்தையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டுகிறேன்.

வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் ரோலர் அழுக்கு. படத்தில் ஒரே இடைவெளியில் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். முன்மூடியைத் திறந்தால் இரண்டு உலோக உருளைகள் தெரியும். படத்தை உருவாக்கும் மருந்து கசிந்து அவற்றின் மேல் சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி காய்ந்திருக்கும். நூல் பிரியாத துணியை நனைத்துப் பிழிந்து, ஓரத்துப் பல்சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டே முழுச் சுற்றும் துடையுங்கள். ஈரம் காய்ந்த பிறகே பேக். கத்தி, ஊசி எதுவும் படக்கூடாது. மருந்து காரமானது, கையைக் கழுவிவிடுங்கள். ஒவ்வொரு பேக் மாற்றும்போதும் இதைச் செய்தால் மேசைக்கே வர வேண்டியதில்லை.

காலி பேக்கைக் குப்பையில் போடாதீர்கள். பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கும். கேமரா வாங்கும்போது அதைச் செருகி மூடியைச் சாத்தினால் மோட்டார் ‘கிர்ர்’ என்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் உள்ளேயுள்ள இரண்டு தொடுமுனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். மோட்டார் ஓடியும் புதுப் பேக்கில் படங்களை மூடியிருக்கும் கறுப்பு அட்டை வெளியே வராவிட்டால், படத்தைத் தள்ளும் கொக்கி வளைந்திருக்கலாம். பாதி ஓடிய பேக்கை வெளியே எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். மேலே இருக்கும் படத்தில் வெளிச்சம் விழும். திரும்பப் போட்டதும் கேமரா அதைக் கறுப்பு அட்டை என்று நினைத்து வெளியே தள்ளும். ஒரு படம் போச்சு.

நம் வளவுகளில் எடுத்த படங்களில் முகம் கறுத்துப்போவதற்குக் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். நடுமுற்றத்து வானத்தை அளந்துவிட்டு, பத்தியில் நிற்பவரை அது மறந்துவிடுகிறது. முற்றத்துக்கு முதுகு காட்டி எடுங்கள், அல்லது வெளிச்சத் திருகை வெள்ளைப் பக்கம் நகர்த்துங்கள். வழவழப்பான சுவருக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டுதான் விழும், சற்றுச் சாய்ந்து நில்லுங்கள்.

இனி குளிர்பெட்டி. இந்த ஃபிலிம் சரியாக வேலை செய்வது 13 முதல் 28 டிகிரிக்குள். சித்திரையில் காரில் வைத்த பேக்கில் படம் மஞ்சளும் சிவப்புமாகத்தான் வரும். அதற்காகவே சங்கத்துக்கு ஒரு சிறு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். பேக்குகள் படுக்கைவாட்டில், 4 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் மருந்துப் பை கெடும். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிட வேண்டும். வெளிவந்த படத்தைக் கவிழ்த்து நிழலில் 15 நிமிடம் வையுங்கள். உதறுவதால் ஒரு பயனும் இல்லை.

இதையெல்லாம் மேசையில் வாய் வலிக்கச் சொன்னேன். கேட்டது வழக்கமான ஆறேழு பேர். தேவகோட்டை, பள்ளத்தூர் உறுப்பினர்கள் கேமராவை ஆள்வசம் கொடுத்தனுப்பினார்கள், தாங்கள் வரவில்லை. குளிர்பெட்டியிலிருந்து பேக் எடுத்தவர்களில் பலர் ‘அப்புறம் தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கையெழுத்துகள் நன்றாக இருக்கின்றன. சந்தா பாக்கியும் அப்படித்தான். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். சுருக்கமாக, ஃப்ரிட்ஜும் ஃபிலிமும் போக, கையிருப்பு சொல்லும்படி இல்லை. சில சீட்டுகள் இன்னும் வர வேண்டும்.

இடம் தந்த வீட்டாருக்கும், காப்பி தந்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரு விஷயம். பேக்கின் பெட்டியில் அச்சிட்டிருப்பது தயாரித்த தேதி. அதிலிருந்து 12 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இப்போது குளிர்பெட்டியில் இருப்பவற்றுக்கு வைகாசியோடு கெடு முடிகிறது. பாக்கியைத் தீர்ப்பவர்களுக்கு முதலில் கொடுக்கலாம் என்பது என் கருத்து. புதிய செயலாளர் வேறுவிதமாக நினைத்தால் அதுவும் சரியே. குளிர்பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது, கேட்பவரிடம் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார்.

செயலாளர்