ஏணியோடு வாருங்கள்: அரசு வாடகை வீடுகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில வீட்டுவசதி அதிகாரிகளுக்கு வணக்கம்.

பூஞ்சணம் என்று புகார் செய்தால் வெள்ளையடிக்க ஆள் வருவதும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரை கிடைப்பதும் நின்றபாடில்லை. மேற்குச் சிட்னியில் பூர்வகுடிக் குடும்பங்கள் இருக்கும் வீடுகளின் நிலவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளின் காதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

சிறு பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவசமாக இருக்கும். சளி பிடித்தால் சட்டென்று அடைத்துக்கொள்ளும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் நெருக்கிப் படுத்தால் ஒருவரின் சளி அடுத்தவருக்கு ஒட்டாமல் இருக்குமா? வீட்டுக்குள் சிகரெட் புகையும் சேர்ந்தால் (அது குடியிருப்போர் பொறுப்பு, மறுக்கவில்லை) அடைப்பு இன்னும் நீடிக்கும். செவிப்பறைக்குப் பின்னால் பிசின் போல நீர் கட்டும். பெரும்பாலும் வலி இராது; அதனால் யாரும் கவனிப்பதில்லை. கேட்கும் திறன் 20, 30 டெசிபல் குறைந்த பிள்ளைக்கு, பின்வரிசையில் டீச்சரின் குரல் முணுமுணுப்பாகத்தான் விழும். பேச்சு பிந்தும். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கும்.

கிளினிக்கில் செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனை செய்தால் கோடு தட்டையாக வருகிறது; அதாவது செவிப்பறை அசையவில்லை. மூன்று மாதம் கழித்தும் தட்டை. சிலருக்குச் செவிப்பறையில் கிரோமெட் என்ற சிறு குழாய் வைக்கிறார்கள். வைத்து, அதே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான்: பார்வையிட வருகிறவர்கள் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். கண்ட பழுதை அன்றே சரிசெய்யத் தொடங்கட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதாது. ஒரு டிஷ்யூ தாளை அதன் மூடியில் வைத்தால் ஒட்டி நிற்க வேண்டும். காற்று வெளியே போகிறதா, கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலேயே ஆவியைக் கக்குகிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். ஷவர் ஓடுகளின் இடுக்கில் தண்ணீர் இறங்கி அடுத்த அறைச் சுவர் ஊறியிருந்தால், முதலில் கசிவை அடைத்துவிடுங்கள், ஊறிய ஜிப்சம் பலகையை வெட்டி எடுங்கள், உள்ளே காயவிடுங்கள், பெயின்ட் கடைசியில். வரிசை மாறினால் சில வாரங்களில் பூஞ்சணம் பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு வரும். அந்த ஈரச் சுவர் பெரும்பாலும் பிள்ளைகளின் படுக்கையறைச் சுவர். அறையைக் காலி செய்துவிட்டு எல்லோரும் இன்னோர் அறைக்குப் போய்விடுகிறார்கள். மூன்று அறை வீடு இரண்டறை வீடாகிறது. நெரிசல் என்று நீங்கள் எழுதிக்கொள்வது பல வீடுகளில் இதைத்தான்.

இது புது யோசனையும் அல்ல. உங்கள் மாநிலச் சுகாதாரத் துறையே ‘ஹவுசிங் ஃபார் ஹெல்த்’ திட்டத்தில் செய்துகாட்டியது. 1998 முதல் 2008 வரையான கணக்கில், அப்படிப் பழுதுபார்த்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, திட்டம் எட்டாத கிராமப்புறப் பூர்வகுடி மக்களைவிட 40 சதவீதம் குறைவு. சிட்னிப் பிள்ளைகளின் காதுக்கு மட்டும் என்ன தனி விதி?

குடியிருப்போர்தான் வீட்டைப் பாழாக்குகிறார்கள் என்பது பழைய பல்லவி. ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்த ஹெல்த்ஹாபிடாட் அமைப்பின் கணக்கில், குடியிருப்போரால் வந்த சேதம் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதி, பராமரிக்காமல் விட்டதும் கட்டும்போதே கோணலாகக் கட்டியதும்.

போன் செய்யவே தாய்மார் தயங்குகிறார்கள். வருகிறவர் சுவரை விட்டுவிட்டு மெத்தைகளை எண்ணிக்கொண்டு போய், பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்ததற்காக 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 2031-க்குள் பூர்வகுடி மக்களில் 88 சதவீதம் பேர் நெரிசலற்ற வீட்டில் இருப்பார்கள் என்று அரசுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மெத்தையை எண்ணியே அதை எட்டிவிடலாம் போலிருக்கிறது!

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். ஜூனில் குளிர் தொடங்கி ஜன்னல்கள் அடைபடுவதற்குள், பெற்றோர் சம்மதத்தோடு கிளினிக் எழுதிக் கொடுக்கும் வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்புங்கள். பார்த்த அன்றே பழுது நீக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து ஏணியும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபேன் குழாய் எங்கே முடிகிறதென்று கீழே நின்று பார்க்க முடியாது.