முட்புதரை விரைந்து கடக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள பேங்க்ஸ் தீபகற்பத்தில், ஹினேவாய் இயற்கைக் காப்பகத்தின் வழியாக மலையேறியது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 806 மீட்டர் உயரச் சிகரத்திலிருந்து கடலைக் கண்ட அனுபவத்தைக் கட்டுரையாளர் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால், சரிவுகளில் இருப்பவை வெறும் முட்புதர்களே என்றும், அவற்றை விரைந்து கடந்துவிடலாம் என்றும் அவர் கூறும் யோசனையை, அதே மலையில் வழிகாட்டி ஒருவருடன் ஏறியவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

மஞ்சள் பூப்பூக்கும் அந்தப் புதரின் பெயர் கோர்ஸ். பிரிட்டனிலிருந்து வந்து குடியேறியவர்கள் உயிர்வேலிக்காகக் கொண்டுவந்த இச்செடி, காடழித்து உருவாக்கிய மேய்ச்சல் நிலங்களில் பெருங்களையாகப் பரவியது. வெட்டினாலும் எரித்தாலும், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் அதன் விதைகள் வெளிச்சம் பட்டதும் மறுபடி முளைத்துவிடும். 1987இல் காப்பகம் தொடங்கப்பட்டபோது, தாவரவியலாளர் ஹியூ வில்சன் அதனோடு போரிடவில்லை. கால்நடைகளை வெளியேற்றி, கோர்ஸை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். களையை ஒழிப்பதே கடமை என்று நம்பிவந்த அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அவருடைய கணக்கு எளிமையானது. கோர்ஸுக்கு வெயில் வேண்டும். அதன் சொந்தக் கன்றுகள்கூட நிழலில் தேறுவதில்லை. மாஹோவே போன்ற உள்நாட்டு மரங்களின் கன்றுகளோ அந்த நிழலிலேயே, காற்றும் மேயும் வாய்களும் எட்டாத மறைவில், முளைத்து உயர்கின்றன. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கோர்ஸ் மண்ணில் சேர்க்கும் நைட்ரஜனும் அங்கேயே இருக்கிறது. மரங்கள் தலைக்கு மேல் கவிந்ததும், கோர்ஸ் வெளிச்சமின்றி மடிகிறது. பெரிய விதைகொண்ட பழங்களை விழுங்கிக் கொண்டுவந்து எச்சமிடும் வேலையைக் கெரெரு என்னும் காட்டுப்புறா பார்த்துக்கொள்கிறது.

எங்கள் வழிகாட்டி ஓரிடத்தில் நிறுத்தி, புதரை விலக்கி உள்ளே குனிந்து பார்க்கச் சொன்னார். வெளியே பச்சை முள்ளாகத் தெரிந்த அதன் அடியில் இருள் மண்டிய ஒரு கூடாரமும், அதில் விரல் உயரக் கன்றுகள் சிலவும் இருந்தன. சற்று மேலே ஏறியபோது, அடர்ந்த இளங்காட்டின் தரையில் செத்து வெளுத்த கோர்ஸ் தண்டுகள் சாய்ந்து கிடந்தன. அவர் சுட்டிக்காட்டியிருக்காவிட்டால், அவற்றைச் சாதாரணச் சுள்ளிகள் என்றே நினைத்து மிதித்துப் போயிருப்பேன். கீழே பார்த்த புதரும் மேலே பார்த்த காடும் ஒரே கதையின் இரண்டு கட்டங்கள் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. சிகரத்தை அடைந்தபோது மேகம் மூடி எதுவுமே தெரியவில்லை. அதை ஒரு குறையாக எங்களில் யாரும் சொல்லவில்லை.

ஆகவே, அங்கே செல்ல விரும்பும் வாசகர்கள் இயன்றால் வழிகாட்டியுடன் செல்லவும், நாளின் பெரும்பகுதியைச் சரிவுகளுக்கே ஒதுக்கவும் பரிந்துரைக்கிறேன். மேலும், இக்காப்பகத்தை அரசின் தேசியப் பூங்கா என்று கட்டுரை குறிப்பிடுவது சரியன்று; மாரிஸ் வைட் உள்நாட்டுக் காட்டு அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பே இதை நிர்வகித்து, நடந்து வருவோருக்குத் திறந்து வைத்திருக்கிறது. இத்திருத்தத்தை அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்