வர்க்கிக் கடை அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

பெண்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத நாங்கள் நடத்திய கோத்தகிரி முகாமுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முகாமில் எழுதிய கட்டுரைகளுக்குச் சான்று இல்லை என்று போன வாரம் நீக்கல் வார்ப்புரு, அதாவது ‘இதை நீக்கலாம்’ என்கிற அறிவிப்பு, விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த வார்ப்புரு இப்போது எல்லாக் கட்டுரைகளிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. இருளர், குறும்பர், கோத்தர் வீட்டுப் பெண்களும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் எழுதிய பக்கங்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் நிற்கின்றன. இப்போதுதான் மூச்சு வந்தது.

முதல் நன்றி பேக்கரி அண்ணாவுக்கு. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மார்க்கெட் பக்கம் விறகு அடுப்பில் வர்க்கி போடுகிற கடை என்றால் கோத்தகிரிக்காரர்களுக்குப் போதும். பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிற மாவட்டம், அதனால் பொட்டலம் கட்டப் பழைய பேப்பரைக் கிலோ கணக்கில் வாங்கி அடுக்கியிருப்பார். விஷயம் காதில் விழுந்ததும் யாரும் கேட்காமலேயே கட்டுகளைப் பிரித்து, நீலகிரிச் செய்தி வருகிற உள்பக்கங்களை மட்டும் எடுத்து, மைதா மூட்டைச் சாக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினார். சில பக்கங்களில் நெய்க்கறை. ஆனால் ஒரு தாளில்கூட மேல் ஓரம் கிழியவில்லை. “தேதி இல்லாட்டி உங்களுக்குப் பிரயோஜனம் இல்லைன்னாங்களே” என்றாராம் சாக்கைத் தூக்கிவந்த பையனிடம்.

எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஓரம்தான். கலைக்களஞ்சியத்தில் ஒரு செய்தி நிற்க வேண்டுமானால், படிக்கிறவர் அதை வேறோர் இடத்தில் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். பாட்டி சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை; அடுத்தவர் போய்ச் சரிபார்க்க முடியாது, அவ்வளவுதான். தோடர்களைப் பற்றி ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-லேயே தடித்த புத்தகம் எழுதிவிட்டார், அதனால் அவர்கள் பக்கத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஓர் இருளர் ஊரின் பள்ளிக்கூடம், ஒரு பெண்கள் குழுவின் தேன் விற்பனை நிலையம், ஒரு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு இவற்றைப் பற்றியெல்லாம் எந்த வெள்ளைக்காரர் எழுதினார்? நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்திச் செய்தியாக வந்திருக்கும். அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை இணையத்தில் தேடினால் கிடைக்காது.

இணையத்தில் இல்லாத செய்தியைச் சான்றாகக் காட்டக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. மேற்கோள் சேர்க்கும்போது செய்தித்தாளுக்கான வார்ப்புருவை (நிரப்ப வேண்டிய படிவம்) தேர்ந்து, செய்தியின் தலைப்பை அச்சில் உள்ளபடியே இட்டு, நாளிதழின் பெயர், எந்த ஊர்ப் பதிப்பு, தேதி, பக்க எண் ஆகியவற்றை நிரப்பினால் போதும். இணைப்புக்கான கட்டம் காலியாக இருக்கலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. புதுக் கணக்கிலிருந்து வெளி இணைப்பைச் சேர்த்தால், வளைந்து நெளிந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டி அதைத் தட்டச்சிடச் சொல்லும். தமிழ் மட்டும் படித்த அக்காக்கள் அந்த இடத்தில்தான் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அச்சுப் பேப்பரைச் சான்றாகக் கொடுத்தால் இணைப்பே கிடையாது, அந்தத் தொல்லையும் இல்லை.

பேப்பர் கையில் இருக்கிறதே என்று அதைப் படமெடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் பொதுவகத்தில் ஏற்றிவிடாதீர்கள். பதிப்புரிமை நாளிதழுடையது, படம் நீக்கப்படும். செய்தியின் வரிகளையும் அப்படியே இறக்கக் கூடாது. சொந்த நடையில் எழுதிவிட்டுச் சான்றை மட்டும் காட்டுங்கள். தாள்களை நாங்கள் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம், யார் கேட்டாலும் காட்டலாம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு உட்கார்ந்து ஆரம்பித்துக் கொடுத்த இ-சேவை மையத்து அக்கா, வீட்டு இணைய இணைப்பைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடி ஆயாம்மா, விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் பொறுமையாகப் பதில் சொல்லிக் கட்டுரைகளை அவரவர் மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் சொந்தப் பக்கம்) நகர்த்தி அவகாசம் கொடுத்த நிர்வாகிகள், எல்லோருக்கும் நன்றி.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பு 2011-இல் எடுத்த கணக்கெடுப்பில் தொகுப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. அதை மாற்றப் பெண்களைக் கூட்டிவந்தால் மட்டும் போதாது, வந்தவர்கள் இரண்டாவது நாளும் எழுத வேண்டும். அதனால் அடுத்த முறை கட்டாயம் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறோம். ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, ஒரு நாளில் ஆறு கணக்குக்கு மேல் தொடங்க விடாது, ஏழாவது ஆள் பிழைச் செய்தியைப் பார்த்து முகம் சுருங்கிப் போவார். விலக்கு வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கொரு மொபைல் டேட்டாவில் முந்தின நாளே கணக்கைத் தொடங்கிவிட வேண்டும். மின்னஞ்சல் சேர்க்காத கணக்கின் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை, வீட்டில் ஒரே போனை நாலு பேர் பயன்படுத்துகிற இடத்தில் அது நிச்சயம் மறக்கும். பயனர் பெயரில் சொந்தப் பெயரும் ஊரும் சேர்ந்து வரக் கூடாது. பக்க வரலாற்றில் அது எல்லோர் கண்ணிலும் படும். முதல் நாளே புதுக் கட்டுரை வேண்டாம், இருக்கிற கட்டுரைக்கு ஒரு வரியும் ஒரு சான்றும் சேர்க்கட்டும். கோயில், சடங்கு, இழவு வீடு இவற்றின் படத்தை ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்காமல் ஏற்றுவதில்லை. உரிமம் சரியாக இருப்பது வேறு, ஊர் ஒப்புவது வேறு.

அடுத்தது கூடலூர்ப் பக்கம், பணியர், காட்டுநாயக்கர் பெண்களோடு. கொழுந்து கிலோவுக்குக் கூலி வாங்குகிறவர்களின் வேலை நாளைப் பிடுங்கக் கூடாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைதான். அந்தச் சாலைகளில் அந்திக்கு மேல் யானை நிற்கும், மாலை 4 மணிக்கு முடித்து எல்லோரையும் பஸ் ஏற்றிவிட வேண்டும். பணியர் மொழி பேசத் தெரிந்த இரண்டு பேர் கூட உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
முகாம் ஒருங்கிணைப்பாளர்கள், கோத்தகிரி