ஹார்ட்டுக்கு நல்லது என்று சொல்லாதீர்கள், டாக்டர்

பெங்களூரில் தமிழ் பேசி வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். அல்சூரில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பிரஷர், சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் உங்கள் சீட்டோடு உங்கள் பேச்சையும் கொண்டுவருகிறார்கள். "டாக்டரே சரக்கை லிமிட்டா எடுத்துக்கலாம்னுட்டார். ஹார்ட்டுக்கு நல்லதாமே?" குடிப்பழக்கமே இல்லாத ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் ரெட் ஒயின் ஆரம்பிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அதுதான் என்னை எழுத வைத்தது.

லிமிட் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்வதில்லை. நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் என்றால் 10 கிராம் ஆல்கஹால். 30 மில்லி விஸ்கியிலோ ரம்மிலோ அது வந்துவிடும். லார்ஜ் என்றால் 2 யூனிட். 90 மில்லி பாக்கெட்டில் 3, குவார்ட்டரில் 6. எட்டு சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 4. "பியர்தானே" என்று இரண்டு பாட்டில் குடிப்பவர் குவார்ட்டர் அடிப்பவரைத் தாண்டிவிடுகிறார். அவரும் லிமிட்டில் இருப்பதாகத்தான் நம்புகிறார்.

கொஞ்சம் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் 'குடிக்காதவர்' கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போய் குடியை விட்டவர்களும் இருந்தார்கள் என்று 1988-லேயே பிரிட்டனில் ஷேப்பர் என்ற ஆய்வாளர் காட்டினார். 2023-ல் 107 ஆய்வுகளை, 48 லட்சம் பேரின் கணக்கை, இந்தக் கோளாறுகளைச் சரிசெய்து பார்த்தபோது அளவான குடியால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. 2024 டிசம்பரில் வந்த அமெரிக்க தேசிய அகாடமிகளின் அறிக்கை, அளவாகக் குடிப்பவர்களிடம் மொத்த இறப்பு குறைவு என்றதையும் மறைக்க மாட்டேன். அதே அறிக்கைதான் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றும் சொன்னது. நம் ஜனங்களுக்கு இன்னும் நெருக்கமான சேதி, பல நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இருக்கிறது: தெற்காசியர்களுக்கு மதுவால் மாரடைப்பிலிருந்து பாதுகாப்பு கிடைத்ததாக அதில் தெரியவில்லை. மது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது 1988-ல். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குடல் பிறகு சேர்ந்தது.

நான் கவுண்டரில் நின்று பயப்படுவது வேறொன்றுக்கு. சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் குடித்தால் சுகர் சடாரென்று இறங்கும். வியர்த்து, உளறி, தள்ளாடுவார். வீட்டில் உள்ளவர்கள் போதை என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். உயிர் போகும் விஷயம் இது. மாத்திரை அட்டையை நீட்டும்போது நான் சொன்னால், "டாக்டர் ஒண்ணும் சொல்லலையே" என்கிறார்கள். அதற்கு மேல் என் பேச்சு எடுபடாது. உங்கள் பேச்சு எடுபடும்.

ஆகவே கேட்கிறேன். பிரஷர் பார்க்கும்போதே என்ன குடிக்கிறார், எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். சீட்டில் யூனிட் கணக்கில் எழுதுங்கள். குடிக்காதவரிடம், இதயத்துக்காக ஆரம்பிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவரை "நாளையிலிருந்து நிறுத்து" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர்